நாலு நிமிஷம், ஏழு எழுத்து

அத்தான் க்ளாக்கை அமுக்கல. வார்த்தையை வச்சாங்க, "பதினெட்டு"ன்னு சொன்னாங்க, தாள்ல எழுதினாங்க, மூக்குக்கண்ணாடியைக் கழட்டிச் சட்டை நுனியில துடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. அமுக்கல. நான் ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற இந்தச் சின்ன டப்பாவுல ரெண்டு ஜன்னல் உண்டு. ஆளுக்கு இருபத்தஞ்சு நிமிஷம். யார் முறையோ அவங்க ஜன்னல்ல நேரம் குறையும். ஆடி முடிச்சவங்க தன் பக்கத்துப் பொத்தானை ஒரு தட்டு தட்டினா அடுத்தவங்க நேரம் ஓடும். என் ஜன்னல்ல ஒரு நிமிஷம் பத்து விநாடி அசையாம நிக்குது. அவங்க ஜன்னல்ல ஏழு நாப்பது இருந்துச்சு, இப்போ ஏழு முப்பத்தொன்னு, முப்பது, இருபத்தொன்பது. என் முறைக்கு அவங்க நேரம் ஓடுது. எழுத்துக் கட்டையை அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை வைக்கிற இந்த ஸ்க்ராபிள் ஆடுத அத்தனை பேருக்கும் ஒரு நாள் இது நடக்கும், எனக்கே திருச்சியில நடந்திருக்கு, எதிர்ல இருந்த சின்னப்பொண்ணு வாயே திறக்காம ரெண்டு நிமிஷம் என் நேரத்தைத் தின்னுட்டு அப்புறம் இளிச்சா. சட்டமும் அதான். எதிராளி மறந்தா நீ சொல்லணும்னு எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. சொல்லாம இருந்தா அது தப்பும் கிடையாது. சட்டத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மதுரையில இந்த ஏசி ஹால்ல இருக்கிற நாப்பது பேர்ல என்னைவிட சட்டம் தெரிஞ்சவ ஒருத்தியைக் காட்டுங்க பாப்போம். என்னைவிட வார்த்தை தெரிஞ்சவளையும் காட்டுங்க. கொழும்புக்குப் போற அணியில ஒரே ஒரு இடம்தான் பாக்கி, கடைசி ரவுண்டு, மூணாவது மேஜை, புருஷனும் பொண்டாட்டியும் எதிரும் புதிருமா உக்காந்திருக்கோம். காலையில இருந்து எல்லாரும் வந்து வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. அவங்களுக்கு இது வேடிக்கை.

எனக்குக் கொழும்பு வேண்டாம். கொழும்புல எனக்கு என்ன இருக்கு? எனக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை. எங்க பாளையங்கோட்டைக்குப் பக்கத்துல வண்ணாரப்பேட்டையில அந்த நரம்பு டாக்டர்ட்ட மூணு வாரத்துக்கு முன்னாடி வாங்கின நேரம், தலையை ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்னு சொன்ன டாக்டர். அத்தான் அன்னைக்கே துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வெளிய வந்துட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒரே கத்தல். "எனக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லப்போறியா?" நான் விடல, நான் எப்ப விட்டேன், வெள்ளிக்கிழமை சாளை மீன் குழம்பு ஊத்தும்போது மறுபடி எடுத்தேன். அப்போ சொன்னாங்க, "சரி ஞானப்பூ, பந்தயம் ஒண்ணு பேசிக்கிடுவோம். மதுரையில நம்ம ரெண்டு பேரும் மோதினா, நீ ஜெயிச்சா நான் ஸ்கேனுக்கு வாறேன். நான் ஜெயிச்சா அந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்கக்கூடாது. மாநிலத்துக்கு ஆடப்போறவனுக்கு ஸ்கேன் எதுக்கு?" சரின்னேன். இன்னொன்னும் சொன்னாங்க, விரலை நீட்டி. "போர்டுல வச்சு எனக்கு எதையும் ஞாபகப்படுத்தாத. மோட்டாரை அணைச்சீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு வீட்டுல கேக்குத. பொறுத்துக்கிடுதேன். அங்க நாலு பேர் முன்னாடி வேண்டாம். அங்க நான் உன் புருஷன் இல்ல, எதிராளி." அதுக்கும் சரின்னேன். அத்தான் வாய்தவறிச் சொன்னதா, யோசிச்சுச் சொன்னதா, எனக்குத் தெரியல. ஆனா பாருங்க, அவங்க சொன்னபடி நடந்தாலே போதும், நான் சும்மா உக்காந்திருந்தாலே ஜெயிச்சுருவேன். ஏழு பன்னிரண்டு.

எழுத்தைப் பாரு ஞானப்பூ. க்ளாக்கைப் பாத்தது போதும். மரச்சட்டத்துல ஏழு எழுத்து நிக்குது. ஏ, சி, ஈ, ஐ, என், ஓ, ஆர். நல்ல எழுத்து. எண்ணெய் போட்ட கதவு மாதிரி இங்கயும் அங்கயும் திரும்புத எழுத்து. முப்பத்திநாலு புள்ளி பின்னாடி இருக்கேன், பையில எழுத்து தீந்துபோச்சு, ஏழையும் ஒரே வீச்சுல இறக்கினா ஐம்பது புள்ளி தனியா வரும், ஆட்டம் என்னுது. டி ஒண்ணு கிடைச்சா ரியாக்‌ஷன், கிரியேஷன், கண்ணை மூடிட்டுப் போட்டுருவேன். ஆனா போர்டுல இருக்கிற டி எல்லாம் நாலு பக்கமும் அடைபட்டுக் கிடக்கு. எல் இருந்தாலும் ஆகும், எஸ் இருந்தாலும் ஆகும், அதுவும் எல்லாம் அடைசல். திறந்து கிடக்கிறது ஒரே ஒரு வி. மேல மூணு கட்டம் சும்மா கிடக்கு, கீழ ஒன்பது கட்டம் சும்மா கிடக்கு. அப்போ ஏழோட வி சேந்து எட்டு எழுத்து வார்த்தை. இருக்கா? இருக்கும். எனக்கு உள்ளங்கையில அரிக்குது, அரிச்சா இருக்கும். பாளையங்கோட்டையில கோர்ட்டுக்கு எதிர்ல இருபத்திரெண்டு வருஷம் ஜெராக்ஸ் கடை வச்சிருந்தவ நான். ஒரு காலேஜ் பையன் இருநூறு பக்கம் வார்த்தைப் பட்டியலைக் கொடுத்துட்டு, வாங்க வரவே இல்ல. யாருமில்லாத மத்தியானத்துல ஒவ்வொரு பக்கமா எடுத்து வச்சுப் பாப்பேன். பத்தாங்கிளாஸ், அதுவும் தமிழ் மீடியம். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. எழுத்தைக் கலைச்சு அகர வரிசையில அடுக்கி, பக்கத்துல வார்த்தையை எழுதி, கோழிக்குக் குருணை போடும்போதுகூட முணுமுணுத்துக்கிட்டே இருப்பேன். அத்தான் காலேஜ் லைப்ரரியில வேலை பாத்தவங்க, அவங்களுக்கு அர்த்தம் இல்லாட்டா ஆகாது. "அர்த்தம் தெரியாத வார்த்தையை வச்சுக்கிட்டு என்ன செய்ய, ஞானப்பூ? முகம் தெரியாதவங்களுக்குச் சோறு போடுத மாதிரி." நான் கேட்டேன், "முகம் தெரியாதவங்களுக்குப் பசிக்காதா அத்தான்? உங்க அர்த்தத்துக்கு போர்டுல எத்தனை புள்ளி?" அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல அவங்களுக்குப் புரையேறிருச்சு. முப்பத்தோரு வருஷத்துல அவங்களை நான் தோக்கடிச்சது வாயாலதான், போர்டு வந்தது பின்னாடி.

வாலைப் பிடிக்கணும் முதல்ல. தலையில இருந்து தேடுறவன் திண்டாடுவான். வி இருந்தா ஐ-வி-ஈன்னு முடியும். மேல மூணு கட்டந்தானே இருக்கு, எட்டு எழுத்துக்கு அது பத்தாது, அடிச்சுவிடு. ஓ-வி-ஈ-ஆர். ஓவர்னு ஆரம்பிச்சா மிச்சம் ஏ, சி, ஐ, என். ஓவர்கெய்ன், ஓவர்நிக்கா, ஒண்ணும் இல்ல. ஏ-வி-ஈ. கேவ். கேவ்ல என் வச்சா, ஆர் வச்சா, ஐ-ஓ மிஞ்சும், அசிங்கமா மிஞ்சும். கார்வ். கார்வ்ல வி நாலாவது, மேல மூணு கட்டம் சரியா இருக்கு, கார்வ்... ஈ, ஐ, என், ஓ. இல்ல. ஆறு இருபது. சவத்தை, அந்த ஜன்னல்ல கண்ணு போகாம இருக்க மாட்டேங்குது. கண்ணாடியைத் துடைச்சு மாட்டிட்டாங்க. இப்பவாவது பாப்பாங்கன்னு நினைச்சேன். பாக்கல. மேல ஏசி காத்துல ஆடுத தோரணத்தைப் பாத்துக்கிட்டு, வாய்க்குள்ள ஏதோ கோயில் பாட்டு ராகம். அன்னைக்கும் இந்த ராகந்தான். மீன் மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டர்ல போனவங்க ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. ஸ்கூட்டர் எங்கன்னா, களவு போயிட்டுன்னாங்க. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டும் வந்துட்டாங்க, நம்பரு, கலரு, கண்ணாடியில இருக்கிற விரிசல் எல்லாம் அட்சரம் பிசகாம. சாயங்காலம் ஏட்டையா போன் பண்ணுதார், "அம்மா, வண்டி மார்க்கெட் வாசல்லயே நிக்குது, கொக்கியில ஒரு பை நிறைய மீனு, ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கி." நான் சிரிச்சேன். பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். பெங்களூருல இருக்கிற மகள்ட்டயும் சொன்னேன். ஜெனிட்டா சிரிக்கல. "அம்மா, அத்தைக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது"ன்னா. அடி ஆத்தி, எனக்கு அந்த நிமிஷம் கையில இருந்த போன் கனத்துப்போச்சு.

வேண்டாம், அங்க போகாத. எழுத்தைப் பாரு. வி முன்னாடி நின்னா? வி-ஏ, வா. வி-ஐ, வை. வைன், வைனரோ, இல்ல. வி-ஓ. வாய்ஸ், வாய்சர், ஏ-வும் என்-னும் அனாதையா நிக்கும். வி-ஈ. வெ. வெர். வெரோனிக்கா மைனி. ஏசுவே, இப்போ எதுக்கு அவங்க? போங்க மைனி, பேருக்கெல்லாம் இங்க இடம் கிடையாது, ஆள் பேர் வைக்கக் கூடாதுங்கிறது இந்த ஆட்டத்துல முதல் பாடம். ஆனா வந்துட்டாங்க, வந்து கட்டில்ல கால் நீட்டி உக்காந்துட்டாங்க. அத்தானுக்கு அக்கா. கல்யாணம் ஆகி நான் வந்த புதுசுல என் சேலையை எனக்கே பரிசா கொடுத்தவங்க, அது அவங்க கிண்டல். அப்படிப்பட்ட மனுஷி கடைசி ரெண்டு வருஷம் என்னை "டீச்சர்"னு கூப்பிட்டாங்க. எந்த டீச்சரோ. "டீச்சர், இன்னைக்கு லீவு உண்டா?" முதல்ல ஸ்கூட்டர் மாதிரிதான், சின்னச் சின்னதா. அடுப்புல பாலு. கோயில்ல செருப்பு. எல்லாரும் சிரிச்சோம். அப்பவும் நான்தான் முதல்ல சிரிச்சேன். அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா, மாத்திரை இருந்துச்சு மைனி, கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருக்கலாம்னு அந்த டாக்டர் சொன்னார். தள்ளிப்போட்ட அந்தக் கொஞ்ச நாள்ல நீங்க என்னை ஒரு தடவை ஞானப்பூன்னு கூப்பிட்டிருப்பீங்க. அதுக்காகத்தான் இந்த மனுஷனை இழுத்துக்கிட்டு அலையுதேன். எனக்கு என்ன இவங்களை மட்டம் தட்டணும்னா ஆசை? பயமா இருக்கு. ஒரு நாள் காபி டம்ளரை நீட்டும்போது, நீங்க யாருன்னு கேட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு. சொல்லிட்டேன், போதும். நான் பயப்படுத ஜாதி இல்ல. நான் ஜெயிக்கணும், இவங்க செவ்வாய்க்கிழமை வரணும், அவ்வளவுதான் கணக்கு. வெ-வை விடு, வேற வழியில தேடு. அஞ்சு நிமிஷம் ரெண்டு விநாடி.

நடுவர் கதிரேசன் வாறார். மேஜை மேஜையா சுத்திட்டு எங்க மேஜைக்கு வந்து நின்னார். க்ளாக்கைப் பாத்தார். போர்டைப் பாத்தார். என்னைப் பாத்தார். புருவம் மட்டும் ஒரு இம்மி மேல போச்சு. அவரும் சொல்லக்கூடாது, சட்டம் அவர் வாயையும் கட்டிப்போட்டிருக்கு. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கார். பக்கத்து மேஜையில ஆட்டம் முடிஞ்ச ரெண்டு பொடிசுக எட்டிப் பாக்குது, ஒண்ணு இன்னொன்னு தோள்ல இடிக்குது. பாத்துட்டாங்க. எல்லாருக்கும் தெரியுது, இந்த மனுஷனுக்கு மட்டும் தெரியல. கழுத்தை நேரா வச்சு, சட்டைப் பையில பேனாவைச் செருகிக்கிட்டு, ராஜா மாதிரி உக்காந்திருக்காங்க. எனக்குக் காதெல்லாம் சூடாகுது. எழுந்து நின்னு அந்தப் பொடிசுகளை நாலு சாத்து சாத்தணும்போல இருக்கு. நான் சிரிக்கலாம், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம், அது என் புருஷன், என் உரிமை. இவங்க யாரு? ஆனாலும் யோசி ஞானப்பூ. இன்னும் நாலு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இரு. நேரம் தீரும், தீந்த பிறகு நிமிஷத்துக்குப் பத்துப் புள்ளி கழிப்பாங்க, முப்பத்திநாலும் கரைஞ்சு போகும், இவங்க தோப்பாங்க, பேச்சுன்னா பேச்சு, செவ்வாய்க்கிழமை வருவாங்க. வருவாங்களா? "நீ பாத்துக்கிட்டே இருந்தியா"ன்னு கேப்பாங்க. ஸ்கேன் மிஷினுக்குள்ள படுத்துக்கிட்டு அதையே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. பாத்துக்கிட்டே இருந்தா, இவ என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. சொன்னா? வாக்கு மீறினவ ஆவேன், நாலு பேர் முன்னாடி. ஆட்டமும் போகும். எப்படிப் பாத்தாலும் முள்ளு மேல சேலைதான். அப்பதான் அத்தான் என் பக்கம் குனிஞ்சு, க்ளாக்கைப் பாக்காம, என் முகத்தை மட்டும் பாத்து, ரொம்ப மெதுவா சொன்னாங்க: "ஞானப்பூ, உனக்கு ஒரு நிமிஷந்தான் கிடக்கு. பதறாம பாத்து ஆடு, என்ன?"

தன் நேரம் ஓடிக்கிட்டு இருக்கு, என் ஒரு நிமிஷத்துக்குக் கவலைப்படுதாங்க. "அத்தான்," அப்படின்னேன். "க்ளாக்." ஒரே வார்த்தை. அத்தான் திரும்பிப் பாத்தாங்க. மூணு முப்பத்தஞ்சு. ரொம்ப நேரம் பாத்த மாதிரி இருந்துச்சு, மூணு விநாடிதான், ஏன்னா முப்பத்திரெண்டுல கை போய் அமுக்குச்சு. என் ஜன்னல் ஓட ஆரம்பிச்சுது. ஒரு நிமிஷம் ஒன்பது. சரி, வா பாப்போம். ஒரு நிமிஷம் எனக்குத் தாராளம், எத்தனை ஆட்டத்தை இருபது விநாடியில முடிச்சவ நான். எழுத்தைக் கலைச்சேன், அடுக்கினேன், கலைச்சேன். உயிரெழுத்து ஒரு பக்கம், மத்தது ஒரு பக்கம். கண்ணு முன்னாடி எழுத்து நிக்க மாட்டேங்குது, அந்த மூணு விநாடிதான் நிக்குது, அத்தான் ஜன்னலைப் பாத்த முகம். தொலைஞ்சு போன பிள்ளைக முகம் அது. முப்பது. இருபது. யானைக்கும் அடி சறுக்கும். ஆனா என் வாழ்க்கையில இவ்வளவு பெரிய சறுக்கல் இல்ல. ஒன்பது விநாடி கிடக்கும்போது சி, ஓ, ஆர், என், நாலு எழுத்து, கார்ன், சோளம், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை வைக்கிற வார்த்தை, ஒரு மூலையில வச்சு அமுக்கினேன். அத்தான் மிச்சம் இருந்த மூணு எழுத்தையும் நிதானமா இறக்கி, மறக்காம க்ளாக்கை அமுக்கினாங்க. முப்பத்தெட்டு புள்ளியில நான் தோத்தேன். கைதட்டினாங்க. கதிரேசன் வந்து அத்தான் கையைக் குலுக்கினார். "சார், கொழும்பு!" யாரோ போட்டோ எடுத்தாங்க, நான் சிரிச்சேன், போட்டோன்னா சிரிக்கணும்ல.

எல்லாரும் நகர்ந்த பிறகு எழுத்தெல்லாம் அள்ளிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு இருந்தேன். போர்டுல இருந்த அந்த வி கையில வந்துச்சு. அப்போ விழுந்துது பாருங்க மண்டையில. "வெரோனிக்கா!" வாய்விட்டுச் சொல்லிட்டேன். பட்டியல்ல இருக்கு, பக்கம்கூட நினைவிருக்கு, கோர்ட் எதிர்ல கரண்ட் போன ஒரு மத்தியானம் விசிறிக்கிட்டே எழுதின பக்கம். அந்த வி-யும் என் ஏழும் சேந்து எட்டு எழுத்து, அறுபது புள்ளிக்கு மேல, மைனி கட்டில்ல கால் நீட்டி உக்காந்துக்கிட்டு இருந்தாங்க, நான்தான் எழுப்பி விரட்டினேன். கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதை. அத்தான் தாளை மடிச்சுக்கிட்டு இருந்தவங்க நிமிர்ந்தாங்க. "ஆமா, இருக்கு. ஒரு செடி. நீலமா சின்னச் சின்னப் பூ பூக்கும்." அப்புறம், "அக்கா பேரு"ன்னாங்க. பையோட கயித்தை இழுத்து முடிச்சுப் போட்டேன், அவிழ்த்தேன், மறுபடி முடிச்சுப் போட்டேன். "என் க்ளாக் எவ்வளவு நேரமா ஓடிக்கிட்டு இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. "இப்பந்தான் அத்தான். பாத்த உடனே சொல்லிட்டேன்." மடிச்ச தாளை விரிச்சு என் முன்னாடி வச்சாங்க. அவங்களுக்கு லைப்ரரியில இருந்தே ஒரு பழக்கம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளிக்குப் பக்கத்துல மிச்ச நேரத்தையும் குறிப்பாங்க. கடைசிக்கு முந்தின வரியில, பதினெட்டுக்குப் பக்கத்துல, அவங்க அழகான கையெழுத்துல 7.40. அதை எழுதினதும் கை வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சிருக்கு. "மூணு முப்பத்தஞ்சுல நீ சொன்ன," அப்படின்னாங்க. "நடுவுல நாலு நிமிஷம். நான் எங்க இருந்தேன்னே எனக்குத் தெரியல, ஞானப்பூ." ஹால்ல நாற்காலியை அடுக்குத சத்தம். நான் அவங்க கையைப் பிடிச்சேன், மதுரையில, நாலு பேர் முன்னாடி. அது குளுந்துபோய் இருந்துச்சு. "பேச்சுப்படி நீங்க ஜெயிச்சிட்டீங்க அத்தான். நான் எடுக்க மாட்டேன்." "நான் எடுக்கேன்ல," அப்படின்னாங்க. "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?" "பத்தரைக்கு." சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்தாங்க, தாளோட மூலையில 10.30னு எழுதினாங்க, எழுதினதைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் அந்தத் தாளை அவங்க பையில வைக்காம என் கையில கொடுத்தாங்க. "திங்கக்கிழமை ராத்திரி எனக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்து," அப்படின்னாங்க. "காலையிலயும்."